மோட்டாருக்கு ஒத்தடம்

சிதம்பரத்தின் படகு மோட்டாருக்கு என்ன வயது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூடியில் கம்பெனிப் பெயர் இருந்த இடம் தேய்ந்து வழுக்கைத் தலை போல ஆகிவிட்டது. கல்கத்தா கிதிர்ப்பூரில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து அதை வாங்கி வந்து மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு நண்டுக் குடும்பம் குடியிருந்தது. சிதம்பரம் இளகிய மனசுக்காரர். படித்துறைக் கல்லிடுக்கில் வேறு இடம் பார்த்துக் கொடுத்த பிறகுதான் காலி பண்ணச் சொன்னார். நான் பக்கத்து வீட்டுக்காரன், கூடவே நின்று பார்த்தவன், ஆகையால் சொல்கிறேன்.

ஹூக்ளியின் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கிற தூர்வாரும் கப்பலுக்குக் காலைப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கப்பலில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கடலூரும் தூத்துக்குடியும். ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று நாக்குச் செத்துக் கிடந்தவர்கள். சிதம்பரம் முதல் நாள் சட்னித் தூக்கைத் திறந்தபோது ஒரு ஆள் மணத்தை முகர்ந்துவிட்டு ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான் என்பார்கள். எதற்கு மன்னிப்பு என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சமையல் எல்லாம் பவானிபூர் வீட்டில். சிதம்பரத்தின் பெண்சாதி செல்வராணி விடிவதற்கு வெகு முன்பே அடுப்பு மூட்டிவிடுவாள். குளிர்காலத்தில் அவளுக்குப் பெரிய சண்டை மாவோடுதான். தூத்துக்குடியில் மாவை அரைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் பொங்கி நிற்கும். கல்கத்தா மார்கழியில் அது அசையாது. ஆகவே வீட்டிலிருந்த ஒரே பஞ்சு ரஜாய்ப் போர்வையை மாவுப் பானைக்குப் போர்த்திவிட்டு, புருஷனும் பெண்சாதியும் கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். பானை மட்டும் சொகுசாகத் தூங்கி எழுந்து காலையில் பூரித்து நிற்கும். இட்லியையும் சாம்பாரையும் சைக்கிள் வேனில் ஏற்றிப் படித்துறைக்குக் கொண்டுபோய், படகில் இறக்கி, மோட்டாரின் கயிற்றை இழுத்தால் கால் மணி நேரத்தில் கப்பல்.

அந்த வருஷம் மார்கழி பிறந்ததும் கயிற்றை இழுத்தால் மோட்டார் கேட்கவில்லை.

குளிர் அப்படி. எங்கள் தெரு நாய் குரைக்கலாம் என்று வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டதை நானே பார்த்தேன். ஆனால் குளிரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிளக்கைச் சந்தேகப்பட்டார்கள். பெட்ரோலைச் சந்தேகப்பட்டார்கள். இருபது முறை இழுத்து, சிதம்பரம் வேர்த்து, ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகு அது 'சரி, போனால் போகிறது' என்பது போல ஒரு இருமல் இருமிக் கிளம்பும். கிளம்பினால் அடுத்த வம்பு. கைப்பிடியை ஸ்கூட்டர் மாதிரித் திருகினால் வேகம் கூட வேண்டும், திருப்பித் திருகினால் குறைய வேண்டும். இது கூடும், குறையாது. வைத்த இடத்தில் பிடிவாதமாக நிற்கும்.

ஒரு நாள் சிதம்பரம் முழு வேகத்தில் கப்பலை நெருங்கினார். தட்டோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கைப்பிடி திரும்பவில்லை. நிறுத்துகிற பொத்தானை அமுக்கினால் மோட்டார் அணைந்துவிடும். மறுபடி கிளம்புமா என்பது முருகனுக்கே தெரியாது. யோசித்துக்கொண்டே கப்பலைக் கடந்துவிட்டார். மரியாதைக்குக் கையை அசைத்தார். பாலத்துக்கு அடியில் போனார். அடுத்த பாலத்துக்கும் அடியில் போனார். கடலிலிருந்து ஆற்றில் ஏறுகிற ஏற்றநீர் வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது. பேலூர் தாண்டிப் பெட்ரோல் தீர்ந்த இடத்தில் ஒரு படித்துறை. அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இட்லியைப் பந்தி வைத்துவிட்டு, ஒரு மணல் படகின் பின்னால் கயிறு கட்டித் திரும்பினார். அந்தப் படித்துறையில் இன்றும் சில பேர் காலையில் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பதாகக் கேள்வி.

கப்பலில் அன்று யாரும் சிரிக்கவில்லை. வேலை மேற்பார்வை பார்க்கிற தமிழரசன் மறுநாள் படகுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணாச்சி, பசங்க வெறும் வயித்தோட மண்ணு வாரிக்கிட்டு இருந்தானுங்க. கரையில கேன்டீன்காரரு ஒருத்தரு பூரி குடுக்கறேன்னு நிக்கிறாரு. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். பொங்கலு வரைக்கும் பாக்கறேன்."

"பொங்கலுக்கு நான் சூடா வெண்பொங்கலோட வந்து நிப்பேன்."

"நிப்பீங்களா, கை காட்டிட்டுப் போவீங்களா?"

நிதாய் மிஸ்திரியைக் கூப்பிட்டார்கள். படகு மோட்டார் பார்ப்பதில் அந்தக் கரையில் அவரை விட்டால் ஆள் இல்லை. நிதாய் பெரிய மனிதர், மீன் சோறு சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மதியத்துக்கு மேல்தான் படித்துறைக்கு வருவார். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். மோட்டார் அருமையாகப் பாடியது. கைப்பிடியைத் திருகினார், கூடியது. திருப்பினார், குறைந்தது.

"தாதா, இதுக்கு ஒண்ணும் இல்லை" என்று வங்காளத்தில், அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"காலையில வந்து பாரும். கல்லு மாதிரிக் கெடக்கும்."

"காலையில நான் கல்லு மாதிரிக் கிடப்பேன்."

ஆனாலும் வந்ததற்குப் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் குழாயின் ரப்பர்க் குமிழை அமுக்கிப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஆக்சிலேட்டர் ஒயரையும் சோக் கம்பியையும் தொட்டுப் பார்த்து, "எண்ணெய் நன்றாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள், சபாஷ்" என்றார். அடுத்த நாள் காலை அதே கதை. மதியம் நிதாய் வந்தார், மோட்டார் பாடியது. மூன்றாம் முறை அவர் மோட்டாரை விட்டுவிட்டு சிதம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பௌதி," என்று அண்ணி முறை வைத்து செல்வராணியிடம் தனியாகச் சொன்னார், "தாதாவுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா?"

செல்வராணிக்குத்தான் தூக்கம் வரவில்லை. சிதம்பரம் பேலூர் போன அன்று தமிழரசன் போன் பண்ணி, "உங்க வீட்டுக்காரரு எங்களைத் தாண்டிப் போயிட்டாரு" என்றிருக்கிறான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் மத்தியானம் வரை படித்துறையில் நின்றாள். யாரோ, "அங்கே ஏதோ மிதக்கிறது, மனுஷன் மாதிரி" என்றான். தண்ணீரில் இடுப்பு வரை இறங்கிவிட்டாள். நீந்தத் தெரியாது. மிதந்து வந்தது பூஜைக்குக் கரைத்த சிலையின் வைக்கோல் கூடு. மண் கரைந்து, கையை விரித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து மாவு அரைக்க உட்கார்ந்தாள். அதைப் பற்றி அவள் புருஷனிடம் பேசவில்லை. எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு தடவை சொன்னாள், நான் சர்க்கரை போதும் என்றேன்.

இந்த நேரம் பார்த்து சுந்தரராஜன் வந்தார். செல்வராணியின் அக்கா கல்யாணியைக் கட்டியவர். கரியாஹாட்டில் அப்பளம், புளி, காப்பித்தூள் விற்கிற மளிகைக்கடை வைத்திருக்கிறார். கல்கத்தாவில் பெருங்காயத்துக்குத் தாம்தான் பொறுப்பு என்று நினைக்கிற மாதிரி நடப்பார்.

"தம்பி, கடையில எடை போட நம்பிக்கையான ஆளு வேணும். வெயில் கெடையாது, மழ கெடையாது. ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கிடலாம். என்ன சொல்லுதீரு?"

"ஆத்துல எனக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி."

"ஆத்துக்கு உம்மப் பழகலயே! பேலூர்ல போயி இட்லி வித்தீராமே."

"விக்கல. சும்மாதான் குடுத்தேன்."

"அதத்தான் சொல்லுதேன்."

அவர் போன பிறகு செல்வராணி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அத்தான் சொல்லுததுல என்ன தப்பு?"

"ஏட்டி, அங்க போனா அவரு 'தம்பி'ம்பாரு. அடுத்த மாசம் 'ஏய்'ம்பாரு. ஆத்துல என்னைய 'ஏய்'னு கூப்பிட ஆளு கெடையாது. அந்த ஒண்ணுக்காகத்தான் இந்தப் பொழப்பு."

"ஆத்துல கூப்பிட ஆளே இருக்காது. அதான் எனக்குப் பயம். சரி, ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. பொங்கலன்னிக்கு மோட்டாரு சொன்னபடி கேட்டுச்சுன்னா இனி நான் வாயத் தொறக்க மாட்டேன். கேக்கலன்னா மறுநாளே கரியாஹாட்டுக்குப் போயிரணும்."

"திருச்செந்தூர் முருகன் சத்தியமா போயிருதேன்."

அப்படிச் சொன்னவர் முகத்தைப் பார்த்தால் முருகனுக்கே பாவமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு சிதம்பரம் மோட்டாரைக் கைக்குழந்தை போல வைத்துக்கொண்டார். சாயங்காலம் போய்த் துடைப்பார். கைப்பிடி, ஒயர், சோக் கம்பி எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஊற்றுவார். மோட்டார் முரண்டு பிடிக்கப் பிடிக்க எண்ணெயும் கூடிக்கொண்டே போனது. காலையில் அது முன்னைவிட மோசமாக இறுகிக் கிடந்தது.

போகிப் பண்டிகை அன்று செல்வராணி தானே வந்து பார்ப்பதென்று வேனில் ஏறிக்கொண்டாள். நானும் போனேன், வீட்டில் எனக்கு வேறு வேலை கிடையாது. பனிமூட்டத்தில் எதிர்க்கரை காணவில்லை. சிதம்பரம் இட்லிப் பெட்டியை இறக்கப் போயிருந்தார். செல்வராணி படியில் நின்றபடியே படகுக்குள் குனிந்து கைப்பிடியைத் தொட்டாள், அசையவில்லை. அது செருகியிருக்கிற இடத்தில் வெள்ளையாக ஏதோ கட்டிதட்டி இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு அந்த விரலை அப்படியே தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள்.

தேங்காய் எண்ணெய்.

தூத்துக்குடியில் சிதம்பரத்தின் வீட்டில் கதவுக் கீல், தையல் மிஷின், காது வலி எல்லாவற்றுக்கும் அதுதான். அங்கே அது வருஷம் முழுக்கத் தண்ணீராக இருக்கும். இங்கே மார்கழியில் சீசாவுக்குள் கல்லாக உறைந்து நிற்கும். கல்கத்தாவில் இருக்கிற நம் ஜனங்கள் எல்லாரும் காலையில் சீசாவை வெயிலில் வைத்துவிட்டுத்தான் தலைக்குத் தேய்ப்பார்கள். தலைக்குத் தெரிந்தது மோட்டாருக்குத் தெரியும் என்று சிதம்பரம் நினைக்கவில்லை. வெயில் ஏறினால் எல்லாம் இளகிவிடும். நிதாய் வரும்போது மோட்டார் பாடும். மிஸ்திரிக்கு மணத்தைக் கொண்டாவது தெரிந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். படகு முழுக்கத் தேங்காய்ச் சட்னி மணம். அதில் எண்ணெயின் மணத்தைத் தனியாகப் பிரிக்க நாரதர்தான் வர வேண்டும்.

செல்வராணி நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"மாமா."

"என்னம்மா?"

"வாயத் தொறந்தீங்கன்னா நாளையில இருந்து காப்பி கெடையாது."

நான் ஆற்றைப் பார்த்தேன். ஆறு அழகாகத்தான் இருந்தது.

அவள் பக்கம் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. மறுநாள் மோட்டார் கிளம்பாவிட்டால் புருஷன் கரையேறிவிடுவான். ஃபேனுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பான். அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டும்தான். அன்று சிதம்பரம் வழக்கம் போலக் கயிற்றோடு மல்லுக்கட்டினார், தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அவள் சும்மா இருந்தாள். சாயங்காலம் அவர் எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு கிளம்பினபோதும் சும்மா இருந்தாள். இரவு பச்சரிசி களைந்தபோது ஒரே அரிசியை மூன்று முறை களைந்தாள்.

பொங்கலன்று படித்துறையில் நிற்க இடமில்லை. சங்கராந்தி முழுக்குக்கு ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கியது. செல்வராணி மிளகும் நெய்யுமாகப் பெரிய பாத்திரம் நிறைய வெண்பொங்கல் வைத்திருந்தாள். ஒரு பெட்டி இட்லி, சாம்பார், சட்னி. சாம்பார்த் தூக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் படகில் ஏற்றினார்கள். அவளும் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

படியில் சுந்தரராஜன் நின்றார். புது வேட்டி, தலையில் குரங்குக் குல்லா. வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்றார்.

சிதம்பரம் சோக்கை இழுத்தார். கயிற்றை இழுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். பனியனோடு நின்று இழுத்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் முறுக்கினார்.

"தம்பி, தோள்பட்டை எறங்கிரப் போவுது. நாளைக்கு எடை போடணும்லா" என்றார் சுந்தரராஜன்.

சிதம்பரம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். செல்வராணி பொங்கல் பாத்திரத்தின் மூடியைச் சரி பண்ணினாள். அது சரியாகத்தான் இருந்தது.

இன்னும் இழுத்தார். மூச்சு வாங்கியது. கடைசியில் மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண் யாரையும் பார்க்கவில்லை.

சுந்தரராஜன் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம் சொல்வது போல, ஆனால் படகுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கல்யாணிட்ட நான் அன்னிக்கே சொன்னேன். ஒங்கப்பா ரெண்டாவது மாப்பிள்ளைய எடை போடாம எடுத்துட்டாருன்னு."

செல்வராணி இட்லிப் பெட்டியைத் திறந்தாள்.

ஆவி குபுகுபுவென்று எழுந்தது. இட்லித் துணியை விரித்து ஏழெட்டு இட்லிகளைப் போட்டு முடிச்சுப் போட்டாள். எழுந்து, ஆடுகிற படகில் புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய், அந்த மூட்டையைக் கைப்பிடியின் அடியில் வைத்து அழுத்தினாள்.

"என்னட்டி பண்ணுத?"

"ஒத்தடம். தள்ளுங்க."

கைப்பிடிக்குக் கொடுத்தாள். ஒயர் நெடுகக் கொடுத்தாள். ஆறினதும் வேறு இட்லி மாற்றி, மூடியைத் திறக்கச் சொல்லி சோக் கம்பிக்குக் கொடுத்தாள். சுளுக்கிக்கொண்ட மனிதனுக்குக் கொடுக்கிற மாதிரி ஊதி ஊதிப் பதமாகக் கொடுத்தாள். முழுகிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். தெற்கத்திக்காரர்கள் சங்கராந்திக்குப் படகுக்குச் செய்கிற பூஜை என்று ஒரு கிழவி தீர்மானித்து நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். உடனே படித்துறை முழுக்கக் குலவை. இரண்டு பேர் மோட்டாரின் மேல் பூப்போட்டார்கள். ஒருத்தி வேண்டிக்கொண்டாள், தை முடிவதற்குள் அவள் மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததாகச் சொல்கிறார்கள்.

கைப்பிடியின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு வடிந்தது. பிறகு இன்னொன்று. சிதம்பரம் விரலில் தொட்டுப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார்.

"கயித்த இழுங்க" என்றாள் செல்வராணி.

ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டது.

அவள் துணி மூட்டையை அவிழ்த்து, ஒத்தட இட்லிகளை ஒரு வாழை இலையில் வைத்துப் படியில் நின்றவரிடம் நீட்டினாள்.

"அத்தான், நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட நிக்கீங்க. சாப்பிடுங்க."

சுந்தரராஜன் மறுக்கத் தெரியாதவர். சாப்பிட்டார். படகு விலகும்போது, "மாவுல வெந்தயம் கூடிப்போச்சோ?" என்று அவர் யாரையோ கேட்டது காதில் விழுந்தது.

கரை மறைந்ததும் பனியும் மோட்டார் சத்தமும்தான். சிதம்பரம் விரலில் ஒட்டிய எண்ணெயைப் படகின் விளிம்பில் துடைத்தார். பிறகு கேட்டார்:

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நேத்து."

"நேத்தா? நேத்து சொல்லலயே."

"சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாம்பார்த் தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதற்குத்தானே என்னை ஏற்றியிருந்தார்கள்.

"அப்பம் இன்னிக்கு மட்டும் ஏன் சொன்ன?"

"நீங்க தோத்தா நான் சிரிப்பேன். அவுக என்னத்துக்குச் சிரிக்கணும்?"

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போனது. செல்வராணி பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். படகில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

"இந்தாருங்க. மெதுவாக்குங்க."

கைப்பிடியைத் திருப்பினார். மோட்டார் முணுமுணுப்பாக இறங்கி, படகு தயங்கியது.

"இப்ப முழுசாத் திருகுங்க."

"என்னத்துக்கு?"

"திருகுங்கன்னா திருகுங்க."

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சாம்பார் என் வேட்டியில் கோலம் போட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இப்ப நிறுத்துங்க!" என்று கத்தினாள். திருப்பினார். அடங்கியது. அவள் கண்ணைத் திறந்து, முன்னும் பின்னும் பார்த்து, ஒரு மூச்சு விட்டாள்.

"இன்னொரு தடவ."

பாய்ந்தது. அடங்கியது.

"இன்னொரு தடவ."

பனி விலகி, கப்பல் பெரிய சுவர் மாதிரி எதிரே நின்றது. மேல்தளத்தில் தட்டோடு ஆட்கள். படகு பாய்வதும் நிற்பதும், மறுபடி பாய்வதும் நிற்பதுமாக வருவதைப் பார்த்து அவர்கள் முகம் தொங்கிப்போனது. ஒருவன் தட்டை வயிற்றில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தமிழரசன் கம்பியில் சாய்ந்து குரல் கொடுத்தான்:

"அண்ணாச்சி! நல்ல நாளுலயும் உங்க மோட்டாரு அடங்க மாட்டேங்குதா?"

சிதம்பரம் கைப்பிடியை இரண்டு விரலால் திருப்பினார். படகு அரை மூச்சில் போய், கப்பலின் ஏணிக்கு நேராக, தண்ணீர் சலம்பாமல் நின்றது.

"மோட்டாரு எப்பவோ அடங்கிருச்சுப்பா" என்றார். "இவதான் இன்னும் நம்ப மாட்டேங்குதா."

"நம்பிட்டேன்" என்றாள் செல்வராணி. பலகையிலிருந்து கையை எடுத்துப் பொங்கல் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.